எங்கள் கையெழுத்துப் பத்திரிகை சங்கமான கதை

நம் பள்ளிப் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டுப் போன் வந்ததுமே, மைதானம், புளியமரம், தலைமை ஆசிரியரின் பிரம்பு இதையெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள், நான் பத்திரிகையைப் பற்றியே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். போன முறை ஷார்ஜாவில் எல்லோரும் கூடியபோது, நமக்கு ரொம்பப் பின்னால் படித்த ஒரு தம்பி, "அண்ணா, நம்ம ஊர் இளைஞர் சங்கத்தை ஆரம்பிச்சது எந்தக் கட்சிண்ணா?" என்று கேட்டார். எந்தக் கட்சியும் ஆரம்பிக்கவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் நம் பள்ளியின் தமிழ் மீடியம் வகுப்பில் படித்த சில பிள்ளைகள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள், அதுதான் வளர்ந்து வளர்ந்து சங்கமாக நின்றது. அந்தத் தம்பிக்கு அன்றைக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, இப்போது சொல்கிறேன்.

நம் ஊரைத் தெரியாதவர்களும் மலரைப் படிப்பார்கள், அதனால் ஊரைப் பற்றி முதலில் கொஞ்சம். பாலக்காடு என்றதும் பச்சை வயலும் ஓயாத மழையும்தான் பலருக்கு நினைவு வரும். சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடி அப்படி இல்லை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமெல்லாம் மழை குறைவு, கரிசல் மண், நிலக்கடலை, தென்னை. கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குக் கள் போவது நம் தென்னந்தோப்புகளில் இருந்துதான். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் ரோடு, மீனாட்சிபுரம், கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்த தாலுகா இது, 1956 நவம்பர் 1-இல் கேரளம் உருவானபோது கேரளத்திலேயே இருந்துவிட்டது, அடுத்த ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் ஆனபோது அதோடு சேர்ந்தது. வீட்டில் கொங்குத் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம். இதில் எங்களுக்கு யார் மேலும் கோபம் இல்லை, மலையாளப் பிள்ளைகளோடுதான் பந்து விளையாடினோம். ஆனால் மலையாளத்தில் ஒரு அபேட்சை ஃபாரம், அதாவது விண்ணப்பப் படிவம், வந்தால் வீடே நடுங்கும்.

சித்தூர் டவுனில் பகவதி கோவில் கொங்கன்படைத் திருவிழா தெரியுமல்லவா? கொங்கு நாட்டிலிருந்து வந்த படையைத் தோற்கடித்ததைக் கொண்டாடும் விழா. கொங்குத் தமிழ் பேசும் நாங்களும் வருடா வருடம் போய்ப் பலூன் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்துவிட்டு வருவோம். பத்திரிகையில் முதன்முதலாகச் சண்டை மூட்டிய கட்டுரை அதைப் பற்றித்தான். நாம் யார் பக்கம் நின்று கைதட்டுகிறோம் என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டு எழுதியிருந்தாள். அதே சித்தூரில், ஆற்றங்கரையில் மலையாளக் கவிஞர் எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது, அதைப் பற்றியும் எழுதினால்தான் நியாயம் என்று அடுத்த இதழில் இன்னொருவன் எழுதினான். இரண்டு பேர் எழுதியதும் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பத்திரிகை நடத்தும் எண்ணத்தைப் போட்டது நம் தமிழ் ஐயா. திருவாரூரில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோதே கருணாநிதி 'மாணவ நேசன்' என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார், தமிழ் மாணவர் மன்றம் அமைத்தார், 1942-இல் 'முரசொலி'யைத் தொடங்கினார் என்று வகுப்பில் ஒருநாள் சொன்னார். ஐயா எந்தக் கட்சி அனுதாபியும் இல்லை, பிள்ளைகளால் முடியும் என்று காட்டத்தான் சொன்னார். அடுத்த வாரமே நாலைந்து பேர் வெள்ளைத் தாள் வாங்கிவிட்டோம்.

கையெழுத்துப் பத்திரிகை என்றால் பிரதி ஒன்றே ஒன்றுதான். ஓரத்தில் பூ வரைந்து, தலைப்பைக் கலர் ஸ்கெட்ச்சில் எழுதி, தைத்து, ஒவ்வொரு வீடாகச் சுற்றுக்கு விடுவோம். கடைசியில் சில பக்கங்களை வாசகர் கருத்துக்காக வெறுமையாக விட்டிருப்போம். எங்கள் கவிதைகளைப் பாராட்டி எழுதுவார்கள் என்று எதிர்பார்ப்பு. சிலர் பாராட்டவும் செய்தார்கள். ஆனால் இதழ் திரும்பி வரும்போது அந்தப் பக்கங்களில் வேறு விஷயங்கள் இருந்தன. "பத்திரிகை நல்லா இருக்கு. எங்க ரேஷன் கார்டுல பேர் தப்பா இருக்கு, யாரைப் பாக்கணும்?" "பொண்ணு ஏழாவது முடிச்சுட்டா, எட்டாவது தமிழ்ல எங்க இருக்கு?" "தமிழ்ப் பாடப்புத்தகம் இன்னும் வரல, உங்க ஸ்கூல்ல வந்துச்சா?" ஊரில் தமிழில் எழுதினால் யாராவது படிப்பார்கள் என்று நம்பும்படி இருந்த ஒரே இடம் எங்கள் பின்பக்கம்தான் என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால் சங்கம் பிறந்த இடம் அந்த வெள்ளைப் பக்கங்கள்தான்.

கேள்வி வந்துவிட்டால் பதில் போட வேண்டுமே. அடுத்த இதழில் பதில் போட அலைந்து விசாரித்தோம், பதில் பகுதி கதை கவிதையை விட நீளமானது, ஒரு பிரதி போதாமல், ஸ்டென்சில் வைத்துப் பல பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைலுக்குப் போனோம். அதில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை இரும்புத் தகட்டின் மேல் வைத்து, கூர் எழுதுகோலால் அழுத்தி எழுத வேண்டும். மெதுவாக அழுத்தினால் எழுத்து விழாது, கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் ண, ஞ, ழ மாதிரி சுழியுள்ள எழுத்துகளில் தாள் பொத்துக்கொண்டு, அச்சில் அந்த இடம் கறுப்பு வட்டமாக வரும். பொத்துப் போனால் நகப்பாலிஷ் வாசனையடிக்கும் கரெக்டிங் திரவத்தைப் பூசி, ஊதி ஊதிக் காயவைத்து, மேலே மறுபடி எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 1978-இலேயே எழுத்துச் சீர்திருத்தம் வந்துவிட்டது, ஐயாவுக்கோ துதிக்கை போட்ட பழைய 'லை', 'னை'தான் கை வரும். அதனால் ஒரே பக்கத்தில் இரண்டு விதமும் இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

சித்தூர் அரசுக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நம் சீனியர் அண்ணன் ஒருவர் ஒருநாள் கைப்பட எழுதிய இரண்டு பக்கம் கொண்டுவந்தார். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின் ஒரு பிரிவு. கேரளத்தில் உள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும். நாங்கள் வாயைப் பிளந்துவிட்டோம். அதை அப்படியே எளிய தமிழில் எழுதி முதல் பக்கத்தில் போட்டோம். அந்த இதழ் ரோட்டோரக் கடைகளில் எல்லாம் சத்தமாக வாசிக்கப்பட்டது.

வாசித்தவர்கள் சும்மா இருப்பார்களா? "எழுதலாம்னு போட்டிருக்கீங்க, எழுதித் தாங்க" என்று வந்து நின்றார்கள். அங்கேதான் பத்திரிகை வேறொன்றாக மாறத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாயனசாலை என்று நாங்கள் சொல்லும் ஊர் நூலகத்தின் திண்ணையில் ஒரு பெஞ்சு போட்டு மனு எழுத உட்கார்ந்தோம்.

ஒரு அம்மாவை நான் மறக்கவே மாட்டேன். மடித்து மடித்துத் துணியாகிப் போன ஒரு கடிதத்தை மடியிலிருந்து எடுத்து, "இதுல என்ன கண்ணு எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஓர் அலுவலகத்திலிருந்து மலையாளத்தில் வந்தது. விதவைப் பென்ஷனுக்குக் கணவரின் இறப்புச் சான்றிதழை இணைக்கவில்லை, இணைத்து அனுப்பவும் என்று ஒரே ஒரு வரி. அது தெரியாமல் பல மாதமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் தமிழில் மனு எழுதினோம். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது பாதியில் நிறுத்தினார். எனக்கு யாருமே இல்லை என்று நாங்களாக ஒரு வரி சேர்த்திருந்தோம். "யாருமில்லைன்னு எழுதாத சாமி, எம் மக இருக்கா. கையில காசில்லைன்னு எழுது" என்றார். மாற்றி எழுதினோம். ஸ்டாம்ப் பேட் இல்லை, சைக்ளோஸ்டைல் மையைத்தான் அவர் கட்டைவிரலில் தடவினோம், அது லேசில் போகாது, மண்ணெண்ணெய் கொடுத்துத் துடைத்து அனுப்பினோம். எத்தனையோ காகிதத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார், எதிலும் என்ன எழுதியிருந்தது என்று அதற்கு முன் யாரும் அவருக்கு வாசித்துக் காட்டியதில்லை. மனு எழுதினால் கையெழுத்துக்கு முன் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கு வைத்த விதி, இன்றைக்கும் சங்க விதிகளில் முதலில் இருக்கிறது. எனக்குப் பெருமையாக இருக்கும் விஷயம் அதுதான்.

எல்லா மனுவுக்கும் தமிழில் பதில் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வந்தது சில. தமிழ் தெரிந்தவர் இல்லை என்று திருப்பியனுப்பிய அலுவலகமும் உண்டு. அப்போது சட்டப் பிரிவை நகலெடுத்து இணைத்து மறுபடி அனுப்புவோம். எங்கள் மேல் அன்பு வைத்து, இரவில் வீட்டில் உட்கார்ந்து மலையாள ஃபாரங்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்த மலையாளி கிளார்க்குகளும் இருந்தார்கள். அவர்களை நினைக்காமல் இந்த வரலாற்றை எழுதக்கூடாது.

கடிதம் எழுதும்போது "நீங்கள் யார்? பதிவு செய்த அமைப்பா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சரி, பதிவு செய்துவிடுவோம் என்று போனால் அங்கேயும் ஒரு சரித்திர பாடம். கேரளத்தில் பழைய மலபார் பகுதியில் 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம். நாம் பழைய கொச்சிக்காரர்கள், அதனால் 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். பழைய மலபாரில் இருந்த பாலக்காடு டவுன்காரர்கள் கொடுத்த மாதிரி விதிமுறையை அப்படியே நகலெடுக்க முடியவில்லை. குறைந்தது ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும், பதினெட்டு வயது ஆனவர்களைத் தேடிப் பிடித்தோம், ஏனென்றால் பத்திரிகையில் வேலை செய்த பாதிப் பேர் இன்னும் ஸ்கூல் யூனிஃபார்மில் இருந்தார்கள்.

அப்போதுதான் பெரிய தகராறு. மனு எழுதி எழுதிப் பத்திரிகை செத்துவிடும், நாம் இலக்கியம் வளர்க்க வந்தவர்கள் என்று ஒரு பக்கம். கேள்வி கேட்டு எழுதியவனைக் கைவிட்டுவிட்டு என்ன இலக்கியம் என்று இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். அப்போது ஐயா இரண்டு உதாரணம் சொன்னார். மலையாள மனோரமா பத்திரிகையின் ஆதரவில் 1929-இல் பாலஜன சக்யம் பிறந்து, பிள்ளைகள் அமைப்பாகக் கேரளம் முழுக்கப் பரவியது. 1962-இல் கோழிக்கோட்டில் அறிவியல் எழுத்தாளர்கள் கூடித் தொடங்கியதுதான் சாஸ்திர சாகித்ய பரிஷத், பிறகு அது ஊர் ஊராக மக்கள் இயக்கமானது. எழுதுகிறவன் வெளியே இறங்குவது இந்த மண்ணில் புதிது இல்லை, ஆனால் இறங்கியவர்கள் எழுதுவதை நிறுத்தவில்லை என்றார். கூட்டம் முடிந்து எல்லோரும் சேர்ந்துதான் டீ குடிக்கப் போனோம், இலக்கியக் கட்சிக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம் சங்கம் வேகமாக வளர்ந்தது. பொள்ளாச்சி அச்சகத்தில் பத்திரிகை அச்சானது, பாலக்காட்டில் தமிழ் டைப் வைத்திருந்த அச்சகம் எங்களுக்குத் தெரிந்து இல்லை. அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் பயிற்சி, மலையாளம் கற்றுக்கொடுக்கும் மாலை வகுப்பு எல்லாம் வந்தது. மலையாள வகுப்பைத் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் ஏன் நடத்துகிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். வேலை வேண்டுமே, நம் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

1996-இல் மக்கள் திட்டம் வந்தது பெரிய திருப்பம். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்து, எதைச் செய்வது என்று கிராமசபை கூடிப் பேச வேண்டும் என்றார்கள். பத்தில் ஒரு பங்கு வாக்காளர் வந்தால்தான் கிராமசபை செல்லும். நம் வார்டுகளில் பாதிப் பேர் தமிழ் மட்டும் பேசுகிறவர்கள், தீர்மானப் புத்தகமோ மலையாளம். சங்கத்துப் பிள்ளைகள் கூட்டத்துக்குக் கூட்டம் ஓரமாக உட்கார்ந்து தமிழில் குறிப்பெடுத்து, முடிவில் வாசித்துக் காட்டி, அடுத்த இதழில் அச்சடித்தார்கள். போன வருடம் கேட்ட சாக்கடை என்ன ஆச்சு என்று பெண்கள் இதழைக் கையில் பிடித்துக்கொண்டு மெம்பரிடம் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். கவிதைக்கு எனக்கு மரியாதை உண்டு, ஆனால் எங்கள் பத்திரிகையின் உச்சம் அந்த கிராமசபை இதழ்கள்தான்.

2002 ஏப்ரல் 22-இல், பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில், குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று ஆலைவாசலில் ஆதிவாசி மக்கள் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் இரவாளர் சமூகத்து மயிலம்மா. கேரளம் முழுக்க, அப்புறம் வெளிநாடுகளிலும் அவர் பெயர் தெரிந்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது, 2007 ஜனவரியில் அவர் மறைந்தார். நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் அந்தப் பந்தலுக்குப் போய்த் தமிழில் துண்டறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். நான் அப்போது வளைகுடாவுக்கு வந்துவிட்டேன், அவர்கள் தபாலில் அனுப்பிய அறிக்கைகளை ரூமில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

வருத்தமான பகுதி ஒன்றும் உண்டு. சங்கம் பெரிதானபோது பத்திரிகை மாத இதழிலிருந்து காலாண்டானது, பிறகு ஆண்டு மலர், பிறகு நின்றுபோனது. 2017-இல் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தபோது, ஊரில் எவ்வளவு கேள்வி, எவ்வளவு குழப்பம்! எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து வாட்ஸ்அப்பிலேயே போனது. ஒரு இதழ் இருந்திருந்தால் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் போட்டு ஊரே வாசித்திருக்கும். பத்திரிகையை மறுபடி தொடங்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நான் கேட்கிறேன், கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

இப்போது ஊரில் சங்கத்துப் பிள்ளைகள் பழைய இதழ்களைத் தேடி ஸ்கேன் செய்கிறார்கள். அச்சானவை பெரும்பாலும் கிடைத்துவிட்டன. சைக்ளோஸ்டைல் இதழ்களில் 1969 சட்டம் வந்த இதழ் இன்னும் கிடைக்கவில்லை. கையெழுத்துப் பிரதிகள் கடைசியாகச் சுற்றுக்குப் போன வீட்டிலேயே தங்கிவிட்டன, அந்த வீட்டுக்காரர்களில் பலர் இன்று நம் பழைய மாணவர் கூட்டத்தில் இருக்கிறார்கள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது பரணிலும் பழைய டிரங்குப் பெட்டியிலும் பாருங்கள். கிடைத்தால் போனில் படமெடுத்து மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். கதை கவிதையோடு நிறுத்திவிடாமல், பின்னால் வாசகர்கள் எழுதிய பக்கங்களையும் தவறாமல் எடுங்கள்.