டெர்மினலில் ஓடுகிறது, எக்லிப்ஸில் ஓடவில்லை

போன வாரம் ஒன்றரை நாள் முழுக்க ஒரே பிரச்சினையில் போய்விட்டது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். தேடியபோது கிடைத்த பதில்களில் பாதி "சர்வரை டெலீட் பண்ணிட்டுப் புதுசா போடுங்க", மீதி "கிளீன் பண்ணிப் பாருங்க". இரண்டுமே சில சமயம் கைகொடுக்கும், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாமல் போவதால் அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி மாட்டிக்கொள்வோம்.

ப்ராஜெக்ட் பழையது. ஜாவா வெப் அப்ளிகேஷன், டாம்கேட் 9 என்ற வெப் சர்வரில் ஓடுவது. டெர்மினலில் டாம்கேட்டை ஸ்டார்ட் செய்தால் லாகின் பக்கம் வருகிறது, டேட்டாபேஸ் கனெக்ட் ஆகிறது, எந்தக் குறையும் இல்லை. அதே கோட், அதே டாம்கேட், நாங்கள் கோட் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸின் சர்வர்ஸ் வியூவில் ஸ்டார்ட் கொடுத்தால், சர்வர் ஏறிவிட்டதாகக் காட்டுகிறது, ஆனால் அப்ளிகேஷன் மட்டும் கான்ஃபிக் ஃபோல்டரைக் காணவில்லை என்று கன்சோலில் நீளமாக ஒரு எர்ரரைக் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருந்த நண்பர் பார்த்துவிட்டு, "டெர்மினல்ல ஓடுதுல்ல, அப்போ கோட்ல ஒண்ணும் இல்ல, செட்டிங்தான்" என்றார். சரிதான், ஆனால் எந்த செட்டிங்?

எங்கள் அப்ளிகேஷன் தன் கான்ஃபிக் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதை ஒரு சிஸ்டம் ப்ராப்பர்ட்டியாக, அதாவது ஜாவாவைக் கிளப்பும்போது பெயரோடு சேர்த்துக் கொடுக்கும் ஒரு மதிப்பாக, வாங்கிக்கொள்ளும். அந்த ப்ராப்பர்ட்டியை டாம்கேட்டின் "பின்" (bin) ஃபோல்டரில் இருக்கும் செட்என்வ் ஸ்கிரிப்டில் யாரோ எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள், நான் அதைத் திறந்து இரண்டு தடவை சரிபார்த்தேன், பாத் சரியாகவே இருந்தது. அங்கேதான் நேரம் போனது. எக்லிப்ஸின் வெப் டூல்ஸ் ப்ளகின் டாம்கேட்டை ஸ்டார்ட் செய்யும்போது அந்த ஸ்கிரிப்ட் பக்கமே போவதில்லை. டெர்மினலில் நாம் ஸ்டார்ட்அப் என்று அடித்தால் அது கேட்டலினா ஸ்கிரிப்டைக் கூப்பிடும், அது செட்என்வைப் படிக்கும், அப்புறம்தான் ஜாவா கிளம்பும். ப்ளகினோ நேராக ஜாவாவை எடுத்து, டாம்கேட்டின் பூட்ஸ்ட்ராப் கிளாஸை அதுவே ரன் செய்கிறது. ஸ்கிரிப்டில் எழுதிய மெமரி அளவு, ப்ராப்பர்ட்டி, என்கோடிங் எதுவும் அதற்குப் போய்ச் சேராது. அதற்கு வேண்டியதெல்லாம், சர்வரை எப்படிக் கிளப்ப வேண்டும் என்று எக்லிப்ஸ் குறித்து வைத்திருக்கும் லாஞ்ச் கான்ஃபிகரேஷனில் இருக்க வேண்டும்.

சர்வர்ஸ் வியூவில் சர்வர் பெயரை டபுள் கிளிக் செய்தால் ஒரு எடிட்டர் திறக்கும், அதில் "ஓப்பன் லாஞ்ச் கான்ஃபிகரேஷன்" என்று ஒரு லிங்க் இருக்கும். அதற்குள் ஆர்க்யூமென்ட்ஸ் டேப், அதில் கீழே இருக்கும் விஎம் ஆர்க்யூமென்ட்ஸ் பெட்டி. ஏற்கெனவே அங்கே ப்ளகின் போட்டு வைத்த நாலைந்து ஆர்க்யூமென்ட் இருக்கும், அவற்றைத் தொடாமல் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு நம்முடையதைச் சேர்க்க வேண்டும். பாத்தில் ஸ்பேஸ் இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லையென்றால் பாத் பாதியில் முறிந்து, மீதியை ஜாவா வேறு ஏதோ என்று எடுத்துக்கொண்டு சம்பந்தமே இல்லாத எர்ரரைக் காட்டும்.

சேர்த்தேன், ஸ்டார்ட் செய்தேன். அதே எர்ரர்!

இந்த இடத்தில்தான் நான் செட்டிங்குகளை மாற்றிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, உண்மையில் என்ன ஓடுகிறது என்று பார்க்கப் போனேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. டீபக் வியூவில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் கீழே த்ரெட்கள் எல்லாம் வரிசையாக இருக்கும், அவற்றுக்கும் கீழே ஜாவா எக்ஸிக்யூட்டபிளின் பாத்தோடு ஒரு வரி இருக்கும். அதை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் கொடுத்தால் முழு கமாண்ட் லைனும் கிடைக்கும். எக்லிப்ஸுக்கு வெளியே பார்க்க வேண்டுமானால் ஜேடிகேயோடு வரும் ஜேபிஎஸ் கமாண்டை மைனஸ் வி சேர்த்து அடியுங்கள், ஓடுகிற ஒவ்வொரு ஜாவாவுக்கும் என்னென்ன ஆர்க்யூமென்ட் போயிருக்கிறது என்று காட்டிவிடும்.

அந்தக் கமாண்ட் லைனை ஒரு நோட்பேடில் ஒட்டி, ஒவ்வொரு ஆர்க்யூமென்டையும் தனி வரியாகப் பிரித்துப் படித்தேன். கேட்டலினா ஹோம், நான் டாம்கேட் போட்டு வைத்த ஃபோல்டர், சரி. கேட்டலினா பேஸ், அதாவது இந்த சர்வர் தன் செட்டிங்குகளை எடுத்துக்கொள்ளும் ஃபோல்டர், எக்லிப்ஸின் வொர்க்ஸ்பேஸுக்குள் மெட்டாடேட்டா, ப்ளகின்ஸ் என்று ஆழமாகப் போய்க் கடைசியில் "டிஎம்பி1" என்று முடிந்தது. நான் சேர்த்த ப்ராப்பர்ட்டி எங்கும் இல்லை. டிஎம்பியின் கடைசியில் இருந்த அந்த 1-ஐப் பார்த்ததும்தான் விஷயம் பிடிபட்டது. முதலில் உருவாக்கும் சர்வருக்கு டிஎம்பி0, இரண்டாவதுக்கு டிஎம்பி1. சில மாதங்களுக்கு முன் வேறொரு ஜாவா வெர்ஷனைச் சோதிக்க இன்னொரு சர்வர் போட்டிருந்தேன், இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர். ப்ராஜெக்டை ரைட் கிளிக் செய்து "ரன் ஆன் சர்வர்" கொடுத்தால் இரண்டாவது கிளம்புகிறது, நானோ முதல் சர்வரின் ஆர்க்யூமென்ட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டாவதில் சேர்த்ததும் லாகின் பக்கம் வந்தது. இரண்டுக்கும் அப்போதே வேறு வேறு பெயர் வைத்தேன், சர்வர் எடிட்டரில் முதல் பெட்டியே பெயர்தான்.

"சர்வரை டெலீட் பண்ணிட்டுப் புதுசா போடுங்க" என்ற அறிவுரையில் உள்ள ஆபத்தும் இதுதான். புது சர்வருக்கு லாஞ்ச் கான்ஃபிகரேஷனும் புதிது, நாம் கஷ்டப்பட்டுச் சேர்த்த ஆர்க்யூமென்ட் அதில் இருக்காது.

கேட்டலினா பேஸ் வேறு இடத்தில் இருப்பதால் வரும் இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் சிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. 8080 போர்ட்டை வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறது என்று டாம்கேட் ஃபோல்டருக்குள் போய் சர்வர் எக்ஸ்எம்எல்லில் 8081 என்று மாற்றுவோம், எக்லிப்ஸிலிருந்து ஸ்டார்ட் செய்தால் மறுபடியும் 8080 என்றே வரும். சர்வரை முதலில் உருவாக்கும்போதே ப்ளகின் அந்த ஃபைல் இருக்கும் கான்ஃப் ஃபோல்டரை வொர்க்ஸ்பேஸில் "சர்வர்ஸ்" என்ற ப்ராஜெக்டுக்குள் காப்பி எடுத்துக்கொள்கிறது, அதற்குப் பிறகு அது படிப்பது அந்தக் காப்பியைத்தான். மாற்ற வேண்டியது அங்கே, அல்லது சர்வர் எடிட்டரின் போர்ட்ஸ் பகுதியில். 8080 மட்டுமே காரணம் என்று நினைக்காதீர்கள், ஷட்டவுனுக்கான 8005-ஐ முன்பு சரியாக நிற்காத ஒரு டாம்கேட் பிடித்துக்கொண்டிருந்தாலும் புதியது கிளம்பாது.

அதேபோல, டாம்கேட் ஓடுகிறதா என்று பார்க்க லோக்கல்ஹோஸ்ட் 8080-ஐத் திறந்து, 404 வந்ததும் சர்வரே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். டாம்கேட்டின் வரவேற்புப் பக்கம் அதன் சொந்த வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது, ப்ளகின் ஓட்டுவதோ வொர்க்ஸ்பேஸுக்குள் இருக்கும் தனி ஃபோல்டரிலிருந்து, அங்கே உங்கள் அப்ளிகேஷன் மட்டுமே இருக்கும். அந்த 404-ஐ டாம்கேட்தான் அனுப்புகிறது, அப்படியென்றால் அது உயிரோடுதான் இருக்கிறது. கான்டெக்ஸ்ட் பாத்தை, அதாவது முகவரியில் 8080-க்குப் பிறகு வரும் உங்கள் அப்ளிகேஷனின் பெயரை, சேர்த்து அடித்துப் பாருங்கள். அந்தப் பாத் என்ன என்று சந்தேகமாக இருந்தால் சர்வர் எடிட்டரின் அடியில் மாட்யூல்ஸ் என்று ஒரு டேப் இருக்கிறது, அதில் எழுதியிருக்கும்.

என்விரான்மென்ட் வேரியபிள்களில் வேறு ஒரு சிக்கல். ஒரு ப்ராசஸ் தன்னைக் கிளப்பிய ப்ராசஸிடமிருந்துதான் அவற்றை வாங்கிக்கொள்ளும். ஷெல்லின் ஃபைலில் எழுதிய வேரியபிள் டெர்மினலுக்குத் தெரியும், ஐகானைக் கிளிக் செய்து திறந்த எக்லிப்ஸுக்குத் தெரியாமல் போகலாம், அதற்குத் தெரியாவிட்டால் அது கிளப்பும் டாம்கேட்டுக்கும் தெரியாது. சந்தேகம் வந்தால் அதே டெர்மினலிலிருந்து எக்லிப்ஸைத் திறந்து பாருங்கள், ஓடிவிட்டால் காரணம் இதுதான். நிரந்தரமாக வேண்டுமானால் லாஞ்ச் கான்ஃபிகரேஷனிலேயே என்விரான்மென்ட் டேப் இருக்கிறது. அதன் அடியில் இரண்டு தேர்வுகள்: சிஸ்டத்தில் உள்ளவற்றோடு சேர்ப்பது, அவற்றைத் தூக்கிவிட்டு நாம் கொடுத்ததை மட்டும் வைப்பது. முதலாவதிலேயே விட்டுவிடுங்கள்.

ரிலேட்டிவ் பாத் வைத்த கோட் இருந்தால் அதையும் கவனியுங்கள், எக்லிப்ஸிலிருந்து கிளம்பும்போது வொர்க்கிங் டைரக்டரி டெர்மினலில் இருந்ததாக இருக்காது. யூசர் டாட் டிர் ப்ராப்பர்ட்டியை ஒரு வரியில் பிரின்ட் செய்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு 45 செகண்ட் விஷயம். சர்வர் கிளம்பும்போதே ஓடும் லிஸனரில், கோட் அங்கேயே நிற்கும்படி பிரேக்பாயின்ட் வைத்து, ஒவ்வொரு வேரியபிளாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 45 செகண்டுக்குள் சர்வர் கிளம்பவில்லை என்று ஒரு மெசேஜ் வந்து எல்லாம் நின்றுவிட்டது. டாம்கேட்டுக்கு அதுதான் டிஃபால்ட் ஸ்டார்ட் டைம்அவுட், பிரேக்பாயின்ட்டில் நாம் நிற்கும் நேரமும் அதில் சேரும். சர்வர் எடிட்டரில் டைம்அவுட்ஸ் பகுதியில் மாற்றலாம். நான் 600 வைத்திருக்கிறேன், டீபக் முடிந்த பிறகும் அப்படியே விட்டுவிட்டேன், இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை.