டைப்-சி சாக்கெட்டிலிருந்து 3.3 வோல்ட் வரை

மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல ஒரு சின்ன வைஃபை போர்டு வைத்திருந்தோம். ஊர் பேர் தெரியாத தயாரிப்பு, டைப்-சி சாக்கெட். பழைய சார்ஜரின் ஏ-டு-சி கேபிளில் ஒழுங்காக ஓடும். அசோசியேஷன் செயலாளர் தன் புது போனோடு வந்த சார்ஜரையும் சி-டு-சி கேபிளையும் மாட்டினால் எல்இடி கூட எரியாது. "போர்டு போயிடுச்சு சார்" என்று என்னிடம் கொடுத்தார். போகவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், சாக்கெட்டின் சிசி1, சிசி2 பின்களிலிருந்து ஒரு டிராக்கும் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) கிளம்பவே இல்லை. அதைச் சரிசெய்வதைவிட நானே ஒன்று வரைந்துவிடலாம் என்று தோன்றியது. மைக்ரோகண்ட்ரோலர் இஎஸ்பி32-சி3 என்பதில் குழப்பமில்லை. வேலை முழுக்க சாக்கெட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில்தான்.

முதலில் அந்த சிசி விஷயம். யுஎஸ்பி-ஏ சாக்கெட்டில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். டைப்-சி சார்ஜர் அப்படித் தராது. எதிரே பவர் வாங்குகிற சாதனம் இருக்கிறதா என்று சிசி பின்னில் பார்த்த பிறகுதான் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். நம் பக்கம் அதற்கான அடையாளம், ஒவ்வொரு சிசி பின்னிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர். பின்னுக்கு ஒன்று, மொத்தம் இரண்டு. இரண்டு பின்னையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் முடித்துவிடலாமே என்று ஆசை வரும். 2019ல் வந்த ராஸ்பெரி பை 4 அப்படித்தான் வந்தது. உள்ளே சிப் வைத்த இ-மார்க் கேபிள்களை மாட்டினால் சார்ஜர் போர்டை ஆடியோ அடாப்டர் என்று நினைத்துக்கொண்டு பவரே கொடுக்காது. பிறகு போர்டைத் திருத்த வேண்டியிருந்தது.

பொருள் வாங்க ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெருவுக்குள் திரும்பி, வழக்கமாகப் போகும் கடையில் கேட்டேன்.

"டைப்-சி சாக்கெட்டா? ஆறு பின்னா, பதினாறு பின்னா தம்பி?"

"பதினாறு, அண்ணே. ஆறு பின்னுல டேட்டா வராதே."

"5.1 கே ஸ்ட்ரிப் தீர்ந்துபோச்சு. 4.7 கே போட்டுக்கோ, எல்லாரும் அதான் வாங்கிட்டுப் போறாங்க. ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்னது முழுக்கத் தப்பில்லை. சார்ஜர் எத்தனை ஆம்பியர் தரும் என்பதை நம் போர்டு அளந்து பார்க்க வேண்டுமென்றால் அந்த ரெசிஸ்டர் பத்து சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், அதாவது 4.59 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஒரு சதவீத 4.7 கே இந்த எல்லைக்குள் நிற்கும். ஐந்து சதவீத 4.7 கே 4.47 வரை இறங்கலாம். அவரிடம் இருந்தது ஐந்து சதவீதம். பக்கத்துக் கடையில் ஒரு சதவீத 5.1 கே கிடைத்தது. விலை வித்தியாசம் டீ காசுகூட இல்லை.

அடுத்தது வோல்ட்டேஜ் கணக்கு. 5 வோல்ட் என்று பேப்பரில் எழுதுவது எளிது, மொட்டைமாடிக்கு 5 வோல்ட் வந்து சேராது. மலிவு கேபிளில் பவர் கம்பி பெரும்பாலும் 28 கேஜ், மீட்டருக்கு 0.21 ஓம். மூன்று மீட்டர் கேபிள் என்றால் போக வர ஆறு மீட்டர், கிட்டத்தட்ட 1.3 ஓம். இஎஸ்பி32-சி3 வைஃபையில் அனுப்பும்போது உச்சமாக 335 மில்லி ஆம்பியர் இழுக்கும். சென்சாரையும் சேர்த்து 400 என்று வைத்தால், கேபிளிலேயே அரை வோல்ட் காலி. பாலிஃப்யூஸில் (மின்னோட்டம் மிஞ்சினால் தடுத்து, பிறகு தானே சரியாகும் ஃப்யூஸ்) 0.1, வழியில் ஒரு ஷாட்கி டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும், குறைந்த இறக்கமுள்ள டயோடு) வைத்தால் அதில் 0.35. மிஞ்சுவது 4.05 வோல்ட். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு போடும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்கு (5 வோல்ட்டை 3.3 ஆக இறக்கும் சிப்) 3.3க்கு மேல் இன்னும் ஒரு வோல்ட்டுக்குக் குறையாமல் வேண்டும். வைஃபை கிளம்பும் ஒவ்வொரு தடவையும் சிப் பிரவுன்-அவுட் ஆகி, அதாவது வோல்ட்டேஜ் போதாமல், ரீஸ்டார்ட் ஆவதற்கு இது போதும். புரோகிராம் சரியில்லை என்று ராத்திரி முழுக்கத் தேடுபவர்களில் பாதிப் பேர் தேட வேண்டியது இங்கே. நான் ஏபி2112 ரெகுலேட்டர் எடுத்தேன். 600 மில்லி ஆம்பியரிலும் கால் வோல்ட் இடைவெளி இருந்தால் சமாளிக்கும்.

பாலிஃப்யூஸ் பற்றி ஒன்று. அதன்மேல் 500 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது சாதாரண அறை வெப்பத்துக்கு. கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 60 டிகிரி சர்வசாதாரணம். அந்தச் சூட்டில் தாங்கும் மின்னோட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால் 750 போட்டேன். ரெகுலேட்டர் சூட்டையும் அதே 60 டிகிரியிலிருந்து கணக்குப் போட்டேன். வைஃபை சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது 90 மில்லி ஆம்பியர், 1.7 வோல்ட் இறக்கம், 0.15 வாட். அந்தச் சின்ன பேக்கேஜில் வாட்டுக்கு 200 டிகிரி என்று எடுத்தாலும் 30 டிகிரிதான் ஏறும். பிழைத்துக்கொள்ளும்.

ஏபி2112க்கு ஒரு பலவீனம் உண்டு: உள்ளே வரும் வோல்ட்டேஜ் 6.5ஐத் தாண்டக்கூடாது. யுஎஸ்பியில் 6.5 எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கேபிளுக்கு இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு. செராமிக் கெபாசிட்டருக்கு உள் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட இல்லை. பவர் உள்ள கேபிளை டக்கென்று செருகினால் இரண்டும் சேர்ந்து ஊஞ்சல் ஆடும். வோல்ட்டேஜ் 5ஐத் தாண்டி ஏறக்குறைய இரண்டு மடங்குவரை போய் இறங்கும். நண்பரின் ஆஸிலோஸ்கோப்பில் வெறும் செராமிக் கெபாசிட்டரை மட்டும் வைத்துச் செருகிப் பார்த்தோம். உச்சி 8 வோல்ட்டைத் தொட்டது. மல்ட்டிமீட்டரில் இது கண்ணில் படவே படாது. டிவிஎஸ் டயோடு (திடீர் வோல்ட்டேஜ் உயர்வை வெட்டுவது) இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 5 வோல்ட் டிவிஎஸ் 6.4 வோல்ட்டுக்கு மேல்தான் கடத்தவே தொடங்கும், முழுப் பாய்ச்சலில் 9 வோல்ட்டுக்குமேல் விடும். ஸ்டாட்டிக்குக்கு அது வேண்டும், இந்த ஆட்டத்துக்குப் போதாது.

பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் போட்டு ஆட்டத்தை அடக்கலாம் என்றால் யுஎஸ்பி விதி குறுக்கே நிற்கிறது. செருகும்போது சாதனப் பக்கம் தெரியும் கெபாசிட்டன்ஸ் 10 மைக்ரோ ஃபாரட்டுக்கு மேல் போகக்கூடாது. கடைசியில் வைத்தது: ரெகுலேட்டர் காலோடு ஒட்டி 1 மைக்ரோ ஃபாரட் செராமிக், பக்கத்தில் 4.7 மைக்ரோ ஃபாரட்டோடு சீரியஸில் 1 ஓம். பாலிஃப்யூஸையும் இவற்றுக்கு முன்னால் வைத்ததால் அதன் ரெசிஸ்டன்ஸும் கை கொடுத்தது. மறுபடி ஸ்கோப்பில் பார்த்தபோது உச்சி 6க்குக் கீழே.

டேட்டா கம்பிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சி3யில் யுஎஸ்பி உள்ளேயே இருக்கிறது. ஜிபிஐஓ18 டி மைனஸ், 19 டி பிளஸ். சாக்கெட்டின் இரண்டு பக்கத்து டி பிளஸ்களையும் ஒன்றாக, டி மைனஸ்களையும் ஒன்றாகச் சேர்த்து, யுஎஸ்பிஎல்சி6 என்ற ஈஎஸ்டி (ஸ்டாட்டிக் மின்சாரப் பாதுகாப்பு) சிப் வழியாகக் குட்டையாக ஓட்டினால் முடிந்தது. 12 மெகாபிட் வேகத்துக்கு இம்பீடன்ஸ் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம்.

இழுத்தடித்தது இரண்டு பவர் வழிகள். மோட்டார் அறையிலிருந்து ஒரு 5 வோல்ட் அடாப்டர் ஸ்க்ரூ டெர்மினலுக்கு வரும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பை மாட்டி ஃபர்ம்வேர் ஏற்றுவேன். அடாப்டர் மின்சாரம் லேப்டாப்புக்குள் திரும்பிப் போகக்கூடாது. அடாப்டர் வழியில் ஒரு எஸ்எஸ்14 ஷாட்கி, யுஎஸ்பி வழியில் ஒரு ஏஓ3401 பி-சேனல் மாஸ்ஃபெட் (கேட் காலின் வோல்ட்டேஜைப் பொறுத்து திறந்து மூடும் சுவிட்ச்). அதன் மூன்று கால்களில் டிரெயின் யுஎஸ்பி பக்கம், சோர்ஸ் போர்டு பக்கம், கேட் அடாப்டரின் 5 வோல்ட்டில். அடாப்டர் இருந்தால் கேட் உயர்ந்து மாஸ்ஃபெட் மூடும். இல்லாவிட்டால் கேட்டை ஒரு ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு இழுக்கும், வழி திறக்கும்.

இந்த ரெசிஸ்டருக்கு இணையத்தில் பார்க்கும் படங்களில் எல்லாம் 100 கே. குளிரூட்டிய அறைக்கு அது சரி. ஷாட்கி சூடானால் போர்டு பக்கத்திலிருந்து கேட் பக்கத்துக்குப் பின்பக்கமாகக் கசியும். 100 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே 100 கேயில் கேட் முழுக்க மேலே ஏறிவிடும், அடாப்டரே இல்லாமல் மாஸ்ஃபெட் மூடிக்கொள்ளப் பார்க்கும். 10 கே வைத்தால் அதே கசிவு ஒரு வோல்ட்டோடு நிற்கும்.

போர்டு வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சால்டர் செய்யவில்லை. முதலில் சாக்கெட்டும் இரண்டு 5.1 கேயும் மட்டும். சார்ஜரை மாட்டி சிசியில் மல்ட்டிமீட்டரை வைத்தால், சாதாரண போர்ட் சுமார் 0.4 வோல்ட், 1.5 ஆம்பியர் தரக்கூடியது 0.9, 3 ஆம்பியர் தரக்கூடியது 1.7 காட்டும். பிளக்கைத் திருப்பிப் போட்டால் அதே அளவு மற்ற சிசிக்கு மாறும். செயலாளரின் சார்ஜர் இரண்டு பக்கமும் 1.7 காட்டிய பிறகுதான் ஃப்யூஸ், ரெகுலேட்டர், கடைசியாக சி3.

முடிவில் அடாப்டரைக் கழற்றிவிட்டு, யுஎஸ்பியில் மட்டும் ஓடவைத்து, எஸ்எஸ்14 மேல் ஹேர் டிரையரைக் காட்டினேன். 10 கேயில் கேட் அரை வோல்ட்டைத் தாண்டவில்லை. வேண்டுமென்றே 100 கே மாற்றி அதே சூட்டைக் காட்டியபோது கேட் 4 வோல்ட்டுக்கு மேல் ஏறியது. மாஸ்ஃபெட் மூடி, மின்சாரம் அதன் பாடி டயோடு (மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் டயோடு) வழியாக மட்டும் போனதில் போர்டு பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிட்டது. 10 கேயைத் திரும்பப் போட்டு, அடாப்டரையும் லேப்டாப்பையும் சேர்த்து மாட்டி, யுஎஸ்பி வழியில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். திரும்பிப் போகும் மின்சாரம் மீட்டரில் தெரியும் அளவுக்கு இல்லை. அன்றைக்கே பெட்டியை மூடிவிட்டேன்.