துத்தநாகம் பூசிய கம்பியின் பிணைப்புச் சோதனை: புராஜெக்ட் எடுப்பவர்களுக்குச் சில விஷயங்கள்

கால்வனைஸ் செய்த கம்பி கான்கிரீட்டை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று பார்க்கும் புராஜெக்ட்டில், கான்கிரீட் கியூபில் (கனசதுரக் கட்டியில்) பதித்த கம்பியை இழுப்பதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. எதை எதோடு, கான்கிரீட்டின் எந்த வயதில் (வார்த்த எத்தனையாவது நாளில்) ஒப்பிடுவது என்பதை வார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

ரிப் (மேற்பரப்பில் புடைத்திருக்கும் வரம்பு) உள்ள கம்பியோடு வழுவழுப்பான கம்பியையும் சேர்க்கச் சொன்னார் எங்கள் வழிகாட்டி. வேலையைக் கூட்டுகிறாரே என்று முனகினோம். ஆனால் வைவாவில் கைகொடுத்தது அதுதான். ரிப் கம்பியில் பிடிமானத்தின் பெரும்பகுதி ரிப்புகள் கான்கிரீட்டில் மாட்டிக்கொள்வதால் வருகிறது. அதனால் பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்கள் நெருங்கியே வரலாம். ஒட்டுதலில் துத்தநாகம் செய்யும் மாற்றம் வழுவழுக் கம்பியில்தான் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது வயது. ஈரக் கான்கிரீட்டின் பிஎச் 12.5-க்கு மேல். அதில் துத்தநாகம் சும்மா இருக்காது; கரைந்து ஹைட்ரஜனை விடும், கம்பியை ஒட்டிய சிமென்ட் இறுகுவதையும் தாமதப்படுத்தும். அப்புறம் கால்சியம் ஹைட்ராக்சிசிங்கேட் படிகங்கள் மேற்பரப்பை மூடி அந்த வினையை அடக்கிவிடும். அதனால் 28 நாள் முடிவை மட்டும் எடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். 3, 7 நாள் மாதிரிகளும் வேண்டும். பூச்சுக்குப் பின் குரோமேட் கரைசலில் முக்கினார்களா என்று கம்பி தருபவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். குரோமேட் அந்த ஹைட்ரஜனைக் குறைக்கும் என்பதால் முடிவு மாறக்கூடும்.

கட்டுமானப் பொருள்களுக்கான சர்வதேச அமைப்பான ரிலெமின் முறைப்படி பிணைப்பு நீளம் (கம்பி கான்கிரீட்டைத் தொடும் நீளம்) கம்பியின் விட்டத்தைப் போல 5 மடங்கு. 12 மி.மீ. கம்பிக்கு 60 மி.மீ.; கியூபுக்குள் இருக்கும் மீதி நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய் மாட்ட வேண்டும். குழாய் வாயில் சிமென்ட் பால் புகாதபடி நன்றாக அடையுங்கள், இல்லாவிட்டால் உண்மையான நீளம் எவ்வளவு என்றே தெரியாது. நீளத்தை இஷ்டத்துக்குக் கூட்டவும் கூடாது, நழுவுவதற்கு முன்பே கம்பி இழுபட்டு நீள ஆரம்பித்துவிடும்.

கணக்கு எளிது: சுமையைப் பிணைப்புப் பரப்பால் வகுக்க வேண்டும். 12 மி.மீ. கம்பியில் பரப்பு 2262 சதுர மி.மீ.; 30 கிலோநியூட்டனில் நழுவினால் சுமார் 13.3 மெகாபாஸ்கல். பூச்சு விட்டத்தை 0.2 மி.மீ. கூட்டினாலும் விடை 2 சதவீதம்கூட மாறாது. சரி, கியூப் பிளந்துவிட்டால்? அது கான்கிரீட்டின் இழுவலிமைக்கும் கவர் (கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட்) கனத்துக்கும் கிடைத்த விடை, அதை நழுவிய மாதிரிகளின் சராசரியில் கலக்காதீர்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் பக்கத்தில் ‘நழுவியது’, ‘பிளந்தது’ என்று குறியுங்கள்.

நழுவலை, இழுக்காத முனையில் டயல் கேஜ் (சிறு நகர்வை அளக்கும் கருவி) வைத்து அளக்கவும். இழுக்கும் முனையில் வைத்தால் கம்பி நீள்வதும் சேர்ந்துவிடும். அதிகபட்ச சுமையோடு நிறுத்தாமல் அதற்குப் பிந்தைய ரீடிங்குகளையும் எடுங்கள். ‘உராய்வு எவ்வளவு மிஞ்சியது?’ என்று தேர்வாளர் கேட்டால் அந்தப் பகுதியைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.