ஆயாவின் கரிசலாங்கண்ணி

காவேரிப்பட்டணத்தில் ஆயா வீட்டுக்குப் போனால் கரிசலாங்கண்ணி எண்ணெய் இல்லாமல் திரும்ப முடியாது. பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையை ஒட்டிய வாய்க்கால் ஓரத்தில் பறித்து வந்து காய்ச்சும். இளம் இலையைப் பருப்போடு கடைந்து, "இரும்புச்சத்து கண்ணு, சாப்பிடு" என்று தட்டில் போடும்.

ஓசூரில் ஓர் ஆய்வகத்தில் உலோகம் அளப்பதுதான் என் வேலை. அந்த இலையில் இரும்பு எவ்வளவு, ஈயம் போன்ற நச்சு உலோகம் எவ்வளவு என்று அளந்தே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சாலையோரச் செடி, ஆயா வீட்டுக் கிணற்றடிச் செடி. ஒவ்வொன்றிலும் கழுவியது, கழுவாதது. மொத்தம் நான்கு பொட்டலம்.

காய்ந்த பொடி அரை கிராமை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து 50 மில்லி ஆக்குவோம். அதாவது நூறு மடங்கு நீர்த்துவிடும். மூலிகையில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். கரைசலில் அது லிட்டருக்கு 0.1 தான். காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்தின் வரம்பு 0.3, கரைசலில் 0.003. அசிட்டிலீன் சுடரை வைத்து அளக்கும் கருவியில் இவ்வளவு சிறிய அளவை நம்ப முடியாது, இன்னும் நுணுக்கமாக அளக்கும் கிராஃபைட் உலை வேண்டும். பாத்திரங்களை முதல் நாள் இரவே அமிலத்தில் ஊறப்போடவும் வேண்டும். நான் அவசரப்பட்டேன். இலையே போடாத வெற்றுக் கரைசலிலும் ஈயம் காட்டியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன்.

சாலையோர இலையைக் கழுவியதும் இரும்பு பாதிக்கும் கீழே இறங்கியது. போனது செம்மண் புழுதி. ஈயம் வரம்புக்குள் இருந்தது. ஆனால் கழுவிய பிறகும் கிணற்றடி இலையைவிடக் கூடுதல். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நாடு முழுக்க நின்றுவிட்டது. இருந்தாலும் ஈயம் மக்கிப்போகிற பொருள் இல்லையே, சாலையோர மண்ணில் அப்படியே கிடக்கும்.

வரம்புக்குள் இருக்கிறது என்பதில் எனக்கு நிம்மதி வரவில்லை. அந்த 10, மருந்தாகச் சில கிராம் சாப்பிடும் காய்ந்த மூலிகைக்கானது. கைப்பிடி கைப்பிடியாகக் கடைந்து சாப்பிடும் கீரைக்கு, உணவுத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் ஈய வரம்பு, பச்சை எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். எங்கள் வீட்டில் அது மருந்தாகவும் இருக்கிறது, கீரையாகவும் இருக்கிறது.

ஆயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, கிணத்தடியிலயே வெச்சுக்கலாம்" என்றது. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாத்தி கட்டினோம்.

அதே வாய்க்காலில் பறித்துச் சந்தையில் கூறு கட்டி விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கு அதுதான் பிழைப்பு. எப்படிச் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. இந்த வாரம் ஒரு பை நாற்றோடு போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.