ஓடும் கன்டெய்னர்களின் கணக்கு: சிகேஏ, சிகேஎஸ் எழுதுபவர்களுக்கு

சிகேஏ (நிர்வாகம்), சிகேஎஸ் (பாதுகாப்பு) இரண்டுமே குபர்நெட்டீஸ் சான்றிதழுக்காக டெர்மினலில் செய்து காட்ட வேண்டிய தேர்வுகள். குபர்நெட்டீஸ் என்பது கன்டெய்னர்களை, அதாவது தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய செயலிகளை, பல கணினிகளில் ஓட்டி மேலாளும் மென்பொருள். அந்தக் கணினிகளின் தொகுப்பு கிளஸ்டர், அதில் ஒவ்வொன்றும் நோட்; கன்டெய்னர் எதிலிருந்து எழுகிறதோ அந்தப் பொதி இமேஜ். நேரம் இரண்டு மணி. தேர்ச்சிக்கு முன்னதில் 66 சதவீதம், பின்னதில் 67. இவற்றுக்குப் படிப்பவர்கள் ஆர்பேக், நெட்வொர்க் பாலிசி, எட்சிடி பேக்கப் என்று பெரிய தலைப்புகளையே சுற்றி வருவார்கள். "கிளஸ்டரில் ஓடும் கன்டெய்னர் இமேஜ்களைப் பட்டியலிட்டு ஒரு ஃபைலில் எழுது" என்கிற மாதிரி வேலையை, ஒரு வரிக் கமாண்ட்தானே என்று கடைசி நாளுக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு வரிதான். ஆனால் அந்த வரி எதைப் படிக்க வேண்டும் என்பதில்தான் பலருக்கும் தவறுகிறது.

ஒரு கிளஸ்டரில் மூன்று கணக்குகள் இருக்கின்றன. எது, எத்தனை பிரதி ஓட வேண்டும் என்று டெப்ளாய்மென்டிலும், எது எப்போது ஓட வேண்டும் என்று கிரான்ஜாப் போன்றவற்றிலும் எழுதிவைத்திருப்பது ஒன்று. கிளஸ்டரின் மையமான ஏபிஐ சர்வரில் பாட்களாக (ஒன்றோ பலவோ கன்டெய்னர்கள் சேர்ந்த அலகு) பதிவாகியிருப்பது இன்னொன்று. நோடில் கன்டெய்னர்டி (கன்டெய்னர்களை நேரடியாக ஓட்டும் ரன்டைம்) அந்த நிமிடம் ஓட்டிக்கொண்டிருப்பது மூன்றாவது. மூன்றும் அபூர்வமாகத்தான் ஒத்துப்போகும். ஆகவே கேள்வியில் 'ரன்னிங்' என்று இருக்கிறதா, 'யூஸ்டு' என்று இருக்கிறதா, 'நோடில் உள்ள' என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டுத்தான் கீபோர்டில் கை வைக்க வேண்டும்.

பெரும்பாலும் தேவைப்படுவது நடுக் கணக்கு. ஏபிஐ சர்வரிடம் கேட்கும் கமாண்டான கியூப்சிடிஎல் கெட் பாட்ஸ், எல்லா நேம்ஸ்பேஸுக்கும் (கிளஸ்டருக்குள் உள்ள தனித்தனிப் பிரிவுகள்) பெரிய எழுத்து ஏ ஃபிளாக், விடையில் வேண்டிய புலத்தை மட்டும் எடுக்க ஜேசன்பாத். விடையில் 'ஸ்பெக்' என்பது எழுதிக் கேட்டது, 'ஸ்டேட்டஸ்' என்பது இப்போதைய நிலை. பாதை இப்படிப் போகும்: ஐட்டம்ஸ்[*].ஸ்பெக்.கன்டெய்னர்ஸ்[*].இமேஜ். ஒரே ஒரு பாடைப் பெயர் சொல்லிக் கேட்டால் 'ஐட்டம்ஸ்' என்ற அடுக்கே வராது. அதைப் பாதையிலிருந்து எடுக்காவிட்டால் வெற்று வரிதான் கிடைக்கும். ஜேசன்பாத் முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இரட்டை மேற்கோளில் வைத்தால் டாலர் குறி, பின்சாய்வுக்கோடு போன்றவற்றில் ஷெல் கைவைத்துவிடும்.

வரும் விடை இடைவெளி விட்டு ஒரே நீள வரியாக இருக்கும். 'டிஆர்' கொண்டு இடைவெளிகளைப் புதுவரிகளாக்கி, 'சார்ட்' செய்து, பிறகு 'யூனிக்' கமாண்டுக்கு எண்ணிக்கை ஃபிளாகுடன் அனுப்ப வேண்டும். வரிசை மாறக்கூடாது. யூனிக் அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும். சார்ட் இல்லாமல் போனால் ஒரே இமேஜ் நாலு இடத்தில் நாலு முறை வரும். பாட் பெயரும் நேம்ஸ்பேஸும் சேர்த்துக் கேட்டால் ஜேசன்பாத்தின் ரேஞ்ச், எண்ட் இரண்டுக்கும் நடுவில் டேபும் புதுவரியும் வைத்து எழுதலாம். கஸ்டம்-காலம்ஸ் இன்னும் சுலபம், அடிக்கக் குறைவு; ஆனால் ஒரு பாடில் மூன்று கன்டெய்னர் இருந்தால் மூன்றையும் காற்புள்ளி போட்டு ஒரே கட்டத்தில் அடைத்துவிடும். எண்ண வேண்டிய வேலைக்கு அது உதவாது. ஜேக்யூ என்ற தனிக் கருவியில் ஜேசனைப் பிரித்துப் பழக்கம் உள்ளவர்கள் ஜேசன்பாத்தையும் கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கியூப்சிடிஎல் இருக்கும் இடமெல்லாம் அதுவும் இருக்கும்.

இந்தப் பாதை மட்டும் போதாது. முக்கியக் கன்டெய்னர்களுக்கு முன்பே ஓடும் இனிட் கன்டெய்னர்கள் தனிப் பட்டியல். ஜேசன்பாத்தில் சதுர அடைப்புக்குள் 'இனிட்கன்டெய்னர்ஸ்', 'கன்டெய்னர்ஸ்' இரண்டையும் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும். முன்பெல்லாம் இனிட்டை விட்டுவிட்டாலும், வேலை முடித்துப் போனதுதானே என்று சமாதானம் சொல்லலாம். இப்போது முடியாது. ரீஸ்டார்ட்பாலிசி 'ஆல்வேஸ்' என்று கொடுத்த இனிட் கன்டெய்னர் பாட் இருக்கும்வரை ஓடும் சைட்கார் (துணைக் கன்டெய்னர்), குபர்நெட்டீஸ் 1.29 முதல் இது இயல்பாகவே இயங்குகிறது, 1.33-ல் நிலையான அம்சமாகிவிட்டது. பிழை தேடுவதற்காக ஓடும் பாடில் கியூப்சிடிஎல் டீபக் கொண்டு சேர்த்த கன்டெய்னர்கள் 'எஃபிமெரல்கன்டெய்னர்ஸ்' என்ற மூன்றாவது பட்டியலில் இருக்கும். ஒருமுறை சேர்த்தால் அந்தப் பாடை அழிக்கும்வரை அங்கிருந்து நீக்க முடியாது. தணிக்கை வேலையில் கண்ணில் படாமல் போவது பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது 'ரன்னிங்' என்ற சொல். ஃபீல்ட்-செலக்டரில் ஸ்டேட்டஸ்.ஃபேஸ்=ரன்னிங் என்று வடிகட்டினால் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஃபேஸ் என்பது பாடின் நிலை, கன்டெய்னரின் நிலை அல்ல. கன்டெய்னர் திரும்பத் திரும்ப விழுந்து, கிராஷ்லூப்பேக்ஆஃப் என்று திரையில் தெரியும் பாடுக்கும் ஃபேஸ் 'ரன்னிங்'தான். திரையில் தெரியும் அந்த நெடுவரிசை கியூப்சிடிஎல் காட்டுவதற்காகக் கணக்கிட்டு எழுதியது. கன்டெய்னர் நிஜமாக ஓடுகிறதா என்று தெரிய ஸ்டேட்டஸ்.கன்டெய்னர்ஸ்டேட்டஸஸ் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் பெயர், ஒரு டேப், ஸ்டேட்.ரன்னிங்.ஸ்டார்ட்டட்அட் என்று ஒரு வரி எழுதவையுங்கள். ஓடுவதற்கு எதிரே நேரம் இருக்கும். ஓடாததற்கு எதிரே ஒன்றும் இருக்காது. இரண்டாவது நெடுவரிசை காலியாக இல்லாத வரிகளை 'ஆக்' கொண்டு எடுத்துவிடலாம். சைட்கார்கள் இங்கும் இனிட்கன்டெய்னர்ஸ்டேட்டஸஸ் என்ற தனிப் பட்டியலில்தான் வரும்.

பெயர் விஷயத்துக்குச் சற்று நேரம் கொடுப்பது நல்லது. ஒருவர் 'என்ஜின்எக்ஸ்' என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 'என்ஜின்எக்ஸ்:லேட்டஸ்ட்', மூன்றாமவர் 'டாக்கர்.ஐஓ/லைப்ரரி/என்ஜின்எக்ஸ்:லேட்டஸ்ட்'. கன்டெய்னர்டியில் மூன்றும் ஒரே இமேஜைத்தான் குறிக்கும். ஸ்பெக் அவரவர் எழுதியபடியே வைத்திருக்கும், யூனிக் மூன்று வரிகள் காட்டும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: ஒரே டேக் (பெயரில் முக்காற்புள்ளிக்குப் பின் வருவது), வேறு வேறு இமேஜ். லேட்டஸ்ட் டேகுக்கு இமேஜ்புல்பாலிசி இயல்பாகவே 'ஆல்வேஸ்', அதாவது கன்டெய்னர் எழும்போதெல்லாம் அப்போதைய இமேஜைக் கேட்டு வாங்கும். போன மாதம் எழுந்த பாடும் இன்று எழுந்த பாடும் ஒரே பெயரில் வேறு வேறு உள்ளடக்கத்தை ஓட்டிக்கொண்டிருக்கலாம். அடையாளம் தெரிய வேண்டுமானால் கன்டெய்னர்ஸ்டேட்டஸஸ் உள்ளே இமேஜ்ஐடி. அதில்தான் ஷா256 டைஜெஸ்ட் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்றது), 64 பதினறும எழுத்துகளாக இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் ஸ்டேட்டஸின் 'இமேஜ்' புலத்தை நம்ப வேண்டாம். அது ரன்டைம் சொல்லும் பெயர், ஸ்பெக்கில் எழுதியதோடு ஒத்திருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆனால் கேள்வி ஸ்பெக்கில் உள்ள பெயரைத்தான் கேட்கிறது என்றால் ஸ்பெக்கில் உள்ளதையே எழுதுங்கள். அதிகப் புத்திசாலித்தனத்துக்கு மார்க் கிடையாது.

நோடுக்குள் இறங்க வேண்டியிருந்தால், ரன்டைமிடம் நேரடியாகக் கேட்கும் கிரைசிடிஎல். ஏபிஐ சர்வரே விழுந்து கிடக்கும்போது கியூப்சிடிஎல் பயன்படாது. சிகேஏயில் ட்ரபுள்ஷூட்டிங் பகுதிக்கு மட்டும் 30 சதவீதம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கிரைசிடிஎல் பிஎஸ் ஓடுபவற்றை மட்டும் காட்டும், சிறிய ஏ ஃபிளாக் கொடுத்தால் நின்றவையும் வரும். ஒவ்வொரு பாடுக்கும் பின்னணியில் இருக்கும் பாஸ் கன்டெய்னர்கள் இதில் தெரியாது. கன்டெய்னர்டியின் சொந்தக் கருவியான 'சிடிஆர்' கொண்டு பார்த்தால் தெரியும். ஆனால் அதற்கு 'கே8எஸ்.ஐஓ' என்ற கன்டெய்னர்டி நேம்ஸ்பேஸைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பட்டியல் காலியாக வரும், நோடில் ஒன்றுமே இல்லையோ என்று திகைப்பீர்கள். டாக்கர் பிஎஸ் அடிக்கச் சொல்லும் பழைய குறிப்புகளை ஒதுக்கிவிடுங்கள். டாக்கரை ரன்டைமாக இணைத்த டாக்கர்ஷிம் 2022 மே மாதம் வந்த 1.24-லேயே போய்விட்டது.

நோட் ஆப்ஜெக்டின் ஸ்டேட்டஸ்.இமேஜஸ் குறுக்குவழி போலத் தெரியும். அதில் இருப்பது இறக்கிவைத்த இமேஜ்கள், ஓடுபவை அல்ல. தவிர, நோடில் இருந்து நிலையைச் சொல்லும் கியூப்லெட் இயல்பாக 50 இமேஜ்களோடு நிறுத்திக்கொள்ளும். நெரிசலான நோடில் அந்தப் பட்டியல் முழுமையற்றது.

எல்லா நோடையும் சுற்றிவர ஸ்கிரிப்ட் எழுதும்போது மாட்டிக்கொள்ளும் இடம் 'வைல் ரீட்' சுற்று. உள்ளே எஸ்எஸ்ஹெச் இருந்தால் முதல் நோடோடு சுற்று நின்றுவிடும், பிழைச் செய்தியும் வராது. மீதி நோட் பெயர்களை எஸ்எஸ்ஹெச் தன் உள்ளீடாக எடுத்து விழுங்கியிருக்கும். எஸ்எஸ்ஹெச்சுக்கு சிறிய எழுத்து என் ஃபிளாக் கொடுத்தால் தீர்ந்தது. இது சொந்தக் கிளஸ்டருக்கு. தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் குறிப்பிட்ட ஹோஸ்டுக்குப் போய்ச் செய்துவிட்டு அடிப்படை டெர்மினலுக்குத் திரும்ப வேண்டும். ஒரு ஹோஸ்டிலிருந்தே அடுத்த கேள்வியின் ஹோஸ்டுக்குத் தாவக் கூடாது. தவறான ஹோஸ்டில் எழுதிய சரியான ஃபைலுக்கு மதிப்பில்லை.

ஃபைலில் எழுதும்போது இன்னும் இரண்டு. ரூட் அதிகாரத்துக்காக சூடோ கொடுத்து கமாண்ட் ஓட்டிவிட்டு அம்புக்குறியால் ரூட் ஃபோல்டருக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். அம்புக்குறியைத் திறப்பது உங்கள் ஷெல், சூடோ அல்ல. 'சூடோ டீ' பயன்படுத்துங்கள். மற்றொன்று, கமாண்ட் தோற்றாலும் அம்புக்குறி ஃபைலைக் காலியாக்கிவிடும். 'நோ ரிசோர்சஸ் ஃபவுண்ட்' என்ற செய்தி பிழை வழியாகத் திரைக்குத்தான் போகும், ஃபைலில் விழாது. எழுதியதும் ஒருமுறை 'கேட்' அடித்துப் பாருங்கள். தலைப்பு வரி கூடாது என்றால் நோ-ஹெட்டர்ஸ் ஃபிளாக். இல்லையேல் 'டபிள்யூசி' எண்ணிக்கையில் ஒன்று கூடும்.

சிகேஎஸ்-ல் இந்தப் பட்டியல் பாதி வேலைதான். சப்ளை செயின் பகுதிக்கு 20 சதவீதம்; எடுத்த பட்டியலை, இமேஜில் பாதுகாப்புக் குறைகளைத் தேடும் ட்ரிவிக்குக் கொடுத்து, ஹை, கிரிட்டிக்கல் குறைகள் உள்ள இமேஜ் எந்தெந்தப் பாடில் இருக்கிறது என்று திரும்பத் தேட வேண்டியிருக்கும். சார்ட் செய்து ஒருமைப்படுத்திய பட்டியலையே கொடுங்கள். ஐந்து பாடில் உள்ள ஒரே இமேஜை ஐந்து முறை ஸ்கேன் செய்தால் நேரம்தான் வீண்.

பயிற்சிக்கு, சொந்தக் கணினியிலேயே கிளஸ்டர் எழுப்பும் கைண்ட் போதும். புது நேம்ஸ்பேஸ் ஒன்றில் இவற்றை உருவாக்குங்கள்: பிஸிபாக்ஸ் இனிட்டும் என்ஜின்எக்ஸ் கன்டெய்னரும் உள்ள 3 பிரதி டெப்ளாய்மென்ட்; எழுந்தவுடன் பிழையோடு வெளியேறும் பிஸிபாக்ஸ் பாட் ஒன்று; பைத்தான் இமேஜில் முடிந்துபோன ஜாப் ஒன்று; பூஜ்யம் பிரதியில் ரெடிஸ் டெப்ளாய்மென்ட்; நிறுத்திவைத்த ஆல்பைன் கிரான்ஜாப். இனி எண்ணுங்கள். எழுதிவைத்த இமேஜ்கள் 5. பாட்களில் இனிட்டோடு சேர்த்து 8 பதிவுகள், 3 வேறுபட்ட இமேஜ்கள். ஃபேஸ் ரன்னிங் என்று வடிகட்டினால் 4 பாட்கள். நிஜமாக ஓடும் கன்டெய்னர்கள் 3, இமேஜ் 1. உங்கள் ஸ்கிரிப்ட் இந்த எண்களைத் தராவிட்டால், எந்தப் பட்டியலைப் படிக்க மறந்தீர்கள் என்பதை வித்தியாசமே காட்டிக்கொடுக்கும்: 8-க்குப் பதில் 5 வந்தால் இனிட் விடுபட்டிருக்கிறது; ஓடுபவை 3-க்குப் பதில் 4 வந்தால் ஃபேஸை நம்பியிருக்கிறீர்கள்.