இசான் கிராமத்தில் 14 நாள் தனிமை: 2021இல் ஊர் திரும்பியவர்கள் செய்ய வேண்டியிருந்தவை

2021 ஜூன் 28 முதல் பாங்காக்கிலும் சுற்று மாகாணங்களிலும் கட்டுமானத் தொழிலாளர் முகாம்களை 30 நாளுக்கு மூடினார்கள். வேலை நின்றது. இசான்காரர்கள், அதாவது தாய்லாந்தின் வடகிழக்கு மாகாணங்களைச் சேர்ந்தவர்கள், கிடைத்த வண்டியில் ஏறி ஊருக்குக் கிளம்பினார்கள். கோவிட் தொற்றின் டெல்டா அலை அந்தக் கிராமங்களுக்குள் வந்தது அப்போதுதான். இசானின் கோன் கேன் பக்கம் வசிக்கும் எங்களுக்கு அந்த மழைக்காலத்தில் நன்றாகப் பிடிபட்ட விஷயம் ஒன்று: தொலைக்காட்சியில் பாங்காக் அறிவிப்பதை மட்டும் நம்பிக் கிளம்பினால் பாதி வழியில் மாட்டிக்கொள்வோம். மீதி விதி மாகாண ஆளுநரின் உத்தரவில் இருக்கும், அதை நடத்துவது கிராமம்.

தாய்லாந்தின் 2015ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி ஒவ்வொரு மாகாணத்திலும் ஆளுநர் தலைமையில் ஒரு குழு உண்டு. எத்தனை நாள் தனிமை, எந்தச் சான்று, யாருக்கு விலக்கு என்பதை அந்தக் குழு முடிவு செய்தது. பக்கத்துப் பக்கத்து மாகாணங்களுக்கே விதி வேறு. ஒரு மாகாணம் 14 நாள் கட்டாயம் என்றது, இன்னொன்று இரண்டு தடுப்பூசி போட்டவர்களுக்குச் சலுகை கொடுத்தது. உத்தரவு வாராவாரம் மாறவும் செய்தது. அதனால் மாகாணத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் கடைசி உத்தரவைப் பார்த்துவிட்டு, பூ யாய் பானுக்கு, அதாவது கிராமத் தலைவருக்கு, முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். எத்தனை பேர், எந்த வண்டி, எந்த வீடு, தனிக் கழிப்பறை உண்டா என்ற நான்கையும் அவர் கேட்பார். சொல்லாமல் வந்து இறங்கியவர்களால்தான் ஊரில் சண்டை வந்தது. முன்கூட்டிச் சொன்னவர்களுக்கு அரிசியும் தண்ணீரும் வாசலில் காத்திருந்தன.

பயணத்தில் நேரக் கணக்குதான் பெரிய தலைவலி. ஜூலை 12 முதல் பாங்காக்கில் இரவு 9 மணி முதல் காலை 4 மணி வரை ஊரடங்கு. ஆகஸ்ட் 3 முதல் அது 29 மாகாணங்களுக்கு நீண்டது. இசானுக்குப் போகும் மித்ரபாப் நெடுஞ்சாலை வழியில் வரும் சரபுரி, கோராட் மாகாணங்களும் அதில் அடக்கம். பாங்காக்கிலிருந்து கோன் கேன் சுமார் 450 கிலோமீட்டர். ஆகவே காலை 4 மணிக்குக் கிளம்பி, பகலிலேயே கோராட்டைத் தாண்டிவிடுவது நல்லது. ஜூலை 21 முதல் பாங்காக்கின் உள்நாட்டு விமானங்களும் வெளியூர்ப் பேருந்துகளும் நின்றுவிட்டதால் சொந்த வண்டியோ வாடகைப் பிக்கப்போதான் வழி. கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த அடர்சிவப்பு மாகாணங்களில் செவன் இலெவன் கடைகளே இரவு 8 மணிக்கு மூடிவிட்டன. தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்க வேண்டும்.

சோதனைச் சாவடியில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைக் காட்டுவார்கள். 37.5க்கு மேல் என்றால் ஓரம் கட்டச் சொல்வார்கள். பிக்கப்பின் பின்புறம் வெயிலில் உட்கார்ந்து வந்தவர்களுக்கும் மோட்டார் சைக்கிளில் வந்தவர்களுக்கும் 38 காட்டுவது சாதாரணம், ஏனென்றால் அந்தக் கருவி அளப்பது தோலின் சூட்டை. பதற வேண்டியதில்லை. நிழலில் 15 நிமிடம் உட்கார்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி காட்டினால் சரியாகிவிடும்.

ஊர் எல்லையை அடைந்ததும் பொறுப்பு ஓ-சோ-மோக்களிடம் போகும். நாடு முழுக்கச் சுமார் 10 லட்சம் பேர் இருக்கும் கிராம சுகாதாரத் தொண்டர்கள் இவர்கள். ஒருவருக்குப் பத்துப் பதினைந்து வீடுகள். பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள், யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இரத்த அழுத்தம் என்பது மனப்பாடம். தாய்லாந்தின் மாகாணங்கள் அந்த ஆண்டைத் தாங்கி நின்றதற்கு இவர்களே முதல் காரணம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். பெயரைக் குறித்துக்கொண்டு, வெப்பநிலை எழுதும் தாளைக் கொடுத்துவிட்டு, தினமும் வேலிக்கு அப்பால் நின்று கேட்டுப் போவார்கள். காய்ச்சல், இருமல், மணம் தெரியாமை எதுவானாலும் அன்றே சொல்லிவிட வேண்டும். மறைத்து மூன்றாம் நாள் சொன்னால் வீடு முழுக்க மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள்.

தனி அறையும் தனிக் கழிப்பறையும் எல்லா வீட்டிலும் இல்லை. அதற்குக் கிராமம் கண்ட வழி தியெங் நா. வயல் நடுவே நாலு காலில் நிற்கும் மரக் குடில், தகரக் கூரை, பாதிச் சுவர், நாற்று நடும் நாட்களில் மதியம் சாய்ந்து எழுவதற்காகக் கட்டியது. காற்றோட்டத்துக்கு அதை மிஞ்சிய இடம் கிடையாது, ஆனால் வாழ்வதற்கென்று கட்டியதல்ல. ஜூலை, ஆகஸ்ட் மழையில் சாரல் பாதி தரையை நனைத்துவிடும். மழை வரும் பக்கம் தார்ப்பாய் கட்டி, கீழ் ஓரத்தை மூங்கிலோடு சேர்த்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே கிழியும். கொசுவலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் செருக வேண்டும். வயல் கொசுவும் பூரானும் அங்கே நிஜமான ஆபத்து, டெங்குவும் அதே பருவத்தில்தான் வரும். டெங்குக் காய்ச்சலைக் கோவிட் என்று நினைத்துக் குழம்புவதும் நடந்தது. பரிசோதனை முடிவு தெரியும்வரை இபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும் போதும் என்று சுகாதார நிலையத்தில் சொல்வதற்குக் காரணம் அதுதான். குடிநீருக்கு 20 லிட்டர் கேன், குளிக்கத் தனிப் பீப்பாய், கைபேசிக்குப் பவர் பேங்க் இரண்டு. ஒன்று குடிலில், ஒன்று வீட்டில் சார்ஜில்.

சாப்பாட்டில் இசானுக்கென்று ஒரு சிக்கல் இருந்தது. ஒட்டரிசியை ஒரே மூங்கில் கூடையிலிருந்து எல்லோரும் கையால் பிய்த்து, நடுவில் இருக்கும் சட்னியில் தோய்த்துத் தின்பதுதான் வழக்கம். பொதுக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று சுகாதாரத் துறை சொல்வது குழம்புக்குச் சரி, ஒட்டரிசிக்கு உதவாது. ஆளுக்கொரு சின்னக் கூடை, ஆளுக்கொரு கிண்ணம் என்று பிரித்த வீடுகளில்தான் தனிமை நிஜமாக நடந்தது. காய்கறிப் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வரும் பிக்கப் வண்டிக்காரரிடம் வேலியில் மாட்டிய வாளியில் காசைப் போட்டுச் சாமான் வாங்கலாம். வாங்கும் பொருளுக்கு அரசு பாதிப் பணம் கொடுத்த கோன் லா க்ருங் திட்டத்தை நம்பியிருந்தவர்கள் இங்கே திண்டாடினார்கள். நாளுக்கு 150 பாட் வரை கிடைத்த உதவிதான், ஆனால் கடைக்காரரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நின்று செயலியில் ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. தனிமையில் இருப்பவருக்கு அது எப்படி முடியும்? அதனால் சில்லறைப் பணம் கட்டாயம் தேவைப்பட்டது.

வீட்டிலேயே செய்யும் ஏடிகே என்ற கோவிட் விரைவுப் பரிசோதனைப் பெட்டிகள் அந்த ஜூலையில்தான் பொதுமக்களுக்கு அனுமதிக்கப்பட்டன. 15 நிமிடத்தில் பார்க்க வேண்டும். அரை மணி கழித்துத் தெரியும் மங்கலான கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. தொற்று என்று காட்டும் இரண்டு கோடு வந்தால் ஓ-சோ-மோவிடம் சொல்வதோடு 1330 என்ற சுகாதார உதவி எண்ணுக்கும் அழைக்க முடிந்தது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் கொடுத்தால், நகப்பூச்சைத் துடைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு விரலை வைக்க வேண்டும். மழையில் குளிர்ந்த விரல் 90 காட்டிப் பயமுறுத்தும்.

கூடவே ஃபா தலாய் ஜோன் மாத்திரையும் வந்தது. நம் நிலவேம்புதான். அன்று சுகாதார அமைச்சகம் சொன்ன அளவு நாளொன்றுக்கு 180 மில்லிகிராம் ஆண்ட்ரோகிராஃபோலைடு, அதாவது அதிலிருக்கும் மருந்துச் சத்து, 5 நாள். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பொடியின் எடை, இந்த அளவு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் அதிகமாகவோ குறைவாகவோ விழுங்கினார்கள். கர்ப்பிணிகளுக்கும் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் ஆகாது. வராமல் தடுக்க என்று தினமும் குடிப்பதும் தவறு.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. தங்கும் வீடு புதிது என்றால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு, வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் டிஎம் 30 அறிவிப்பு தர வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை தர வேண்டிய முகவரி அறிவிப்பு தனிமைக்குள் விழுந்தால், கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், அல்லது ஊருக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடலாம்.

14ஆம் நாள் முடிந்ததும் சுகாதார நிலையத்தில் முத்திரையிட்ட சான்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது, தானாக வரவில்லை. தொழிற்சாலையில் வேலைக்குச் சேரவும் அடுத்த மாகாணம் போகவும் அதைக் கேட்டார்கள். வெப்பநிலைத் தாளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டது உதவியது, சில இடங்களில் சான்றோடு அதையும் சேர்த்துக் கேட்டார்கள்.