விநாடிக்கு ஒரு கோப்பு

கல்லூரிக் கணினி மன்றத்தின் சர்வர் பொறுப்பை ஒப்படைத்த அன்று, எனக்கு முன் அதைப் பார்த்துக்கொண்ட அக்கா எனக்குக் கொடுத்த முதல் பொருள், பென்சில் அழிக்கும் ரப்பர். சர்வரில் எல்லா அதிகாரமும் தரும் ரூட் கடவுச்சொல் எழுதிய உறை அதற்குப் பிறகுதான் வந்தது. "பீப் பீப் என்று கத்திக்கொண்டு திரை இருட்டாகவே நின்றால் பயப்படாதே தம்பி. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்று. தங்கமுலாம் பூசிய அந்தப் பற்களை இந்த ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷால் தட்டிவிட்டு மாட்டு. பெரும்பாலும் எழுந்துவிடும்" என்றார்.

நான் தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிறவன். கல்லூரியும் கடலிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆடி மாதக் காற்றில் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாலும் மேசையில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். உப்பு ஈரத்தை இழுக்கிறது, ஈரத்தில் தூசி ஒட்டுகிறது, அது கணினியின் சர்க்யூட் பலகைக்குள் போய் உட்காருகிறது. அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "கடலுக்குப் போய்வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் என்ன ஆகும்? உங்கள் பெட்டி கடலுக்குப் போகாமலே அந்தக் கதிக்கு வந்துவிடுகிறது."

கணினி மன்றத்தின் சர்வர் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஆய்வகத்தில் கழித்துப்போட்ட ஒரு மேசைக் கணினி, அதில் டெபியன் லினக்ஸ் இயங்குதளம், அறுபது சொச்சம் பேருக்குக் கணக்கு. புதியவர்களுக்குக் கணக்குத் திறப்பது, படித்து முடித்துப் போனவர்களின் கணக்கை மூடுவது, வாரம் ஒரு முறை அப்டேட், மின்வெட்டு நீண்டால் யுபிஎஸ் தீர்வதற்குள் முறையாக நிறுத்துவது. இதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்குப் பழகிவிட்டது.

பழகாத வேலை ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. யாராலும் எதையும் சேமிக்க முடியவில்லை. 'இடமில்லை' என்றது சர்வர். வட்டில் மிச்சமுள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் 20 ஜிபியில் பாதிக்கு மேல் காலி. இரண்டு மணி நேரம் குழம்பினேன். வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு முறை ரீஸ்டார்ட் கூடச் செய்தேன். அக்காவின் நோட்டில் முதல் பக்கத்திலேயே 'காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் செய்யாதே' என்று இருக்கிறது.

கடைசியில் அவருக்கே போன் செய்தேன். "ஐநோடு பார்த்தாயா?" என்று ஒரே கேள்வி கேட்டார். ஐநோடு என்பது ஒரு கோப்பின் விவரங்களை வட்டில் குறித்துவைக்கும் பதிவு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டும். லினக்ஸ் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஈஎக்ஸ்டி4 முறையில் வட்டைத் தயார் செய்யும்போதே அதன் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. நாமாக மாற்றாவிட்டால் 16 கேபிக்கு ஒன்று, அதாவது 20 ஜிபிக்கு 13 லட்சம் சொச்சம். பந்தியில் சோறு அண்டா நிறைய இருக்கிறது, இலை தீர்ந்துவிட்டது. அதுதான் நிலைமை.

யார் இலையை அள்ளினார்கள்? கோப்புகளைத் திறக்காமல், ஒவ்வொருவர் கோப்புறையிலும் எத்தனை இருக்கின்றன என்று மட்டும் எண்ணச் சொன்னேன். அந்தப் பட்டியல் திரையில் ஓடும்போது பின்னால் நின்ற நண்பன் ஒரு பெயரைக் காட்டி மெல்லக் கேட்டான்: "ரூட் உன் கையில்தானே இருக்கிறது. அவனுடைய ஆய்வகப் புரோகிராமை மட்டும் எடுத்துக் கொடேன்." முடியாது என்றேன். "நாளை உன்னுடையதை எடுக்கச் சொல்லி அவன் வந்து நின்றால்?" பதில் சொல்லாமல் போனான். இரண்டு வாரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

பட்டியலில் முதலிடம் இரண்டாமாண்டு மாணவி ஒருவருக்கு. சர்வர் அறைக்கு ஏசி கேட்பதற்கு ஆதாரம் திரட்டலாம் என்று, ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் டிஹெச்டி11 உணரியை மாட்டி ஈரப்பதத்தை அளந்துகொண்டிருந்தார். விநாடிக்கு ஒரு அளவு, அளவுக்கு ஒரு கோப்பு. நாளுக்கு 86,400. சரியாகப் பதினைந்தாம் நாள் சர்வருக்கு மூச்சு முட்டியது. அதைக் காப்பாற்றக் கிளம்பியவரே இப்படிச் செய்துவிட்டாரே என்று கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

அளவுகளை அழிக்க மனமில்லை. நாளுக்கு ஒன்றாகக் கோக்கலாம் என்றால் புதுக் கோப்பு எழுத இலை இல்லை. பேக்கப் எடுக்கும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எழுதலாம் என்று அதைத் திறந்தேன். அங்கே காத்திருந்தது அடுத்த அதிர்ச்சி: கடைசி பேக்கப் ஏழு வாரத்துக்கு முந்தையது. ஒரு மின்வெட்டுக்குப் பிறகு அந்த டிஸ்க் இணையவே இல்லை. நள்ளிரவில் தானாக ஓடும் பேக்கப், அதே பெயரில் இருந்த வெற்றுக் கோப்புறைக்குள், அதாவது சர்வரின் சொந்த வட்டுக்குள்ளேயே, நாள் தவறாமல் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி நகல் எடுத்துக்கொண்டிருந்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. ஐநோடு தீராமல் இருந்திருந்தால் டிஸம்பர் மழை வரை எனக்குத் தெரிந்திருக்காது.

டிஸ்க் உண்மையில் இணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நகல் எடுக்கும்படி மாற்றினேன். மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு கோப்பை அதிலிருந்து திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். அளவுகளை டிஸ்க்கில் கோத்து முடித்ததும், லட்சக்கணக்கில் கிடந்த சிறு கோப்புகளை, அழிப்பதற்கான ஆர்எம் கட்டளை 'பட்டியல் மிக நீளம்' என்று தொட மறுத்தது. ஃபைண்ட் கட்டளைதான் துடைத்தது.

அந்த மாணவி அளவுகளை வரைபடமாக்கி எடுத்துப்போனார். துறைத்தலைவர் ஏசிக்குத் தலையாட்டவில்லை. கடல் பக்க ஜன்னலைக் கண்ணாடி போட்டு அடைக்க ஒப்புக்கொண்டார். தச்சர் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.